பேர் சொல்றவங்க

போன வாரம் அம்மாவுக்குக் கண் காட்டச் செஞ்சிக்குப் போயிருந்தோம். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண் ஆதார் கார்டை வாங்கி ஒரு சின்னக் கருவிக்கு நேரே பிடித்தாள். அம்மாவின் பெயர், வயது, ஊர், அப்பாவின் பெயர் எல்லாம் திரையில் வந்துவிட்டன. "அவ்ளோதாங்க்கா. போய் உக்காருங்க, மெசேஜ் வரும்" என்றாள். பக்கத்தில் ஒருவர் வெள்ளைப் பலகையில் 'இன்று எலும்பு டாக்டர் விடுமுறை' என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த மார்க்கர் வாசனை மூக்கில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா மட்டும் போய் உட்கார்ந்தார்.

முதல் வேலையில் இருந்த காலத்தில் என் விரலெல்லாம் இந்த வாசனைதான். புதுச்சேரியில் ஒரு குட்டி சாஃப்ட்வேர் கம்பெனி. செஞ்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். என் வேலை புரோகிராம் எழுதுவது அல்ல. அதற்கு முன்னால் போய், அங்கே யார் என்ன செய்கிறார்கள், எதற்குப் பின் எது நடக்கிறது, அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் படமாக வரைவது. அம்மா இதைச் சொந்தக்காரர்களிடம் "ஆஸ்பத்திரில போய் எல்லாரையும் கேள்வி கேக்குற வேல" என்று சொல்லிவைக்க, நான் ஏதோ இன்ஸ்பெக்டர் என்று பேச்சாகி, சித்தி வீட்டில் எனக்குத் தனி மரியாதை கிடைத்தது. நானும் அதைத் திருத்தவில்லை. கிடைக்கிற மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்?

என்னோடு அனுப்பப்பட்டவர் அவலூர்பேட்டைக்காரர், என்னைவிடக் கொஞ்சம் சீனியர். நான் திண்டிவனத்திலிருந்து வருவேன், அவர் எதிர்த்திசையிலிருந்து வருவார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுச் சேர்ந்து நடப்போம். மாடி வராந்தாவில் எங்களுக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள், சுவர் முழுக்கச் சார்ட் பேப்பர். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். குரங்கும் வரும் என்பதால் பெரும்பாலும் மூடியே வைத்திருப்போம். ஒருநாள் மறந்துபோய் திறந்து வைத்ததில், மருந்துக்கடை பற்றிய படம் முழுவதையும் ஒரு குரங்கு கிழித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பவும் எல்லாரையும் கேட்டு, முதலிலிருந்து வரைந்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் இதுதான். அவருக்குப் பெங்களூரில் வேறு வேலை கிடைத்திருந்தது. எங்கள் படங்களில் டாக்டர் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடுவார். எடுத்த வேலை முடியவே கூடாது என்று சாமி கும்பிட்ட ஊழியர் அந்தக் கம்பெனியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். "செவ்வாக்கெழம லேப்ல கூட்டம் வேற மாதிரி இருக்குமாம், ஒருதரம் பாத்துடலாமா?" என்பேன். "லேபு நேத்தே முடிஞ்சிடுச்சே மேடம்" என்பார். ஆனாலும் கூட வருவார்.

கீழே கவுன்ட்டரில் அப்போது கலா இருந்தாள். வருகிற பெண்களிடம் முதலில் பெயரைக் கேட்பாள், அடுத்து கணவர் பெயரை. செஞ்சிப் பக்கம் பச்சையம்மாக்கள் அதிகம். வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்தால்தான் எந்தப் பச்சையம்மா என்று தெரியும். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் வயதானவர்கள் தயங்குவார்கள். "அத்த எப்டிம்மா என் வாயால சொல்றது?" என்று ஜாடை காட்டுவார்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவள் புரிந்துகொண்டு பெயரைச் சொல்லிவிடுவாள். இது தினமும் நடந்திருக்கிறது. எங்களிடம் கலா சொன்னதோ, "பேரு கேப்பேன், எழுதிக்குவேன்" என்று மட்டும்தான். எங்கள் படத்திலும் அவ்வளவுதான் இருந்தது.

சீயமங்கலத்திலிருந்து வந்த ஒரு பச்சையம்மா வாசல் வழியாகத் தெரிந்த மலையைக் கை காட்டினார். பின்னால் இருந்தவர், "அண்ணாமலை, எழுதிக்க" என்று சொல்வதற்குள் பச்சையம்மா எடை பார்க்க நகர்ந்துவிட்டார். அப்புறம் நர்ஸ், "அண்ணாமலை சம்சாரம் பச்சையம்மா" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. மதியம் கூட்டம் கலைந்த பிறகு ஒரே ஒருவர் மட்டும் பெஞ்சில் இருந்தார்.

"நீதான பச்சையம்மா? எத்தினி வாட்டி கூப்புட்டாங்க?" என்றாள் கலா.

"வேற யாரையோ இல்ல கூப்ட்டாங்க. என்னிய எங்க கூப்ட்டாங்க?"

"அப்போ அண்ணாமலை இல்லியா?" பச்சையம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். "திருமலையா?" அதற்கும் அதே ஆட்டல். சத்தம் கேட்டு மாடியிலிருந்து என்னோடு இறங்கி வந்திருந்த அவர், "ஏழுமலையாம்மா?" என்று கேட்டார். பச்சையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மலையைச் சுற்றி ஊர், ஊரில் பாதி ஆண்களுக்கு மலைப் பெயர். எந்த மலை என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாடிக்கு வந்ததும், "கலா தப்பா எழுதிட்டா" என்றேன். "கலா இல்ல மேடம். நாமதான் ஒரு ஆள வரையாம வுட்டுட்டோம்" என்றார். எங்கள் படத்தில் வேலையில் பங்குள்ள ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஒரு குச்சிப் பொம்மை உண்டு. நோயாளிப் பொம்மைக்குப் பின்னால் இன்னொரு பொம்மை போட்டு, 'பேர் சொல்றவங்க' என்று எழுதினார். நான் அதற்கு முந்தானை வரைந்தேன். புதுச்சேரி மேனேஜர் போனில் கத்தினார், "யாருங்க அது? எடுத்துடுங்க." இவர் விடவில்லை. "அவங்க இல்லாம இங்க பேரு வராது சார்." கடைசியில், கலா பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், மனைவி தலையசைத்ததும் திரையில் 'சரி' என்று ஒரு கட்டத்தை அழுத்த வேண்டும் என்று முடிவானது. தலையசைப்புக்கு ஒரு கட்டம்! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

அந்தப் பொம்மையைப் பார்க்க மேலே வந்த கலா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க்கா, நானும் பாக்குறேன். எல்லாரையும் பேர் சொல்லிதான் கூப்புடுற. இவர மட்டும் 'இங்க பாருங்க'ன்ற. நீயும் சொல்ல மாட்டியா?" அவர் மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினார். நான் பிரிண்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து ஓடினேன். அந்த ஆஸ்பத்திரியில் அப்போது பிரிண்டரே கிடையாது.

எல்லாம் ஒருநாள் முடிந்தது. டாக்டர் எல்லாப் படத்திலும் கையெழுத்துப் போட்டார். எங்கள் தொழிலில் எழுந்திருக்கும் முன் தவறாமல் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எங்கள் இருவருக்குமாக அவர் கேட்டார், "நாங்க கேக்காம வுட்டது எதுனா இருக்குதா டாக்டர்?" டாக்டர், "ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் என் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் திண்டிவனம், திண்டிவனம் என்று கூவுகிறார். படியில் கால் வைத்த என்னிடம், கூட வந்திருந்த அவர், "மேடம், நான் கேக்காம வுட்டது எதுனா இருக்குதா?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இல்லீங்க" என்றேன்.

அவர் என்ன கேட்டார் என்பது பாதி வழியில், தீவனூர் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் எல்லாரிடமும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் திரிந்தவள், என்னை ஒருவர் கேட்டபோது 'இல்லீங்க' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தேன். இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டுக்குப் போய், தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் ஆயிற்று. என் வீட்டுக்காரரைத் தெருக்கோடிக்குக் கேட்கும்படி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அதில் எனக்கு ஒரு தடங்கலும் இல்லை, அவருக்கும் இல்லை. நல்ல மனிதர்.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. புது ஆஸ்பத்திரியில் வரிசையே கிடையாது, ஆளுக்கொரு நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் கார்டிலிருந்தே வந்துவிடுகிறது. யாரும் கேட்பதில்லை, யாரும் ஜாடை காட்டுவதில்லை, முன்பின் தெரியாத ஒருத்தியின் வெட்கத்துக்காக இன்னொருத்தி வாய் திறப்பதும் இல்லை.

இத்தனை பேசியும் அவர் பெயரை உங்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை, வாய் வரவில்லை. ஜாடை காட்டலாம்தான். புரிந்துகொண்டு எனக்காகச் சொல்ல, எனக்குப் பின்னால் இப்போது யாரும் நிற்கவில்லை.