பேய் மன்னித்ததா?

இன்று காலை மூதூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா என்னையே உற்றுப் பார்த்தார்.

“தங்கச்சி, நீங்கள்தானே யூடியூப் பேய்ப்படத்தில செத்துப்போற மனிசி?”

“ஓம் அக்கா.”

நண்பர்கள் கடன் வாங்கிய கமராவில் எடுத்த படம். மனைவி உயிரோடு இருக்கும்வரை முகம் கொடுத்துக் கதைக்காத கணவன், அவள் பேயாக வந்தபிறகு கெஞ்சிக் கெஞ்சிக் கதைப்பான்.

அக்காவும் கணவரும் ஒரு மாதமாகக் கதைக்கவில்லையாம். ஈச்சிலம்பற்றில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போக உடுப்பும் அடுக்கிவிட்டாராம். படத்தைப் பார்த்ததும் நேரே கணவரிடம் போய், “நானும் பேயா வந்தால்தான் கதைப்பீங்களோ?” என்று கேட்டாராம்.

“அவர் என்ன சொன்னவர்?”

“குசினிக்குப் போய் ரெண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து, எனக்கு முன்னால இருந்து அழுதார்.”

முன் சீற்றில் இருந்தவர் திரும்பினார். அவர்தான் அந்தக் கணவர்.

“தங்கச்சி, கடைசியில பேய் அவனை மன்னிச்சதோ? சத்தம் விளங்கேல்ல.”

மைக் பழுதான காட்சி அது. ‘உங்களை ஒருநாளும் மன்னிக்கமாட்டன்’ என்பதுதான் என் வசனம்.

“ஓம் அண்ணா, மன்னிச்சிட்டுது” என்றேன்.

இயக்குநர் கோவிக்கக் கூடாது. படம் பார்த்த மற்றவர்களே, உங்களுக்கு என்ன கேட்டது?