கழுத்தில் ஒரு கசிவு

என் தங்கையின் புருஷன் குழாய் வேலை செய்பவர். எந்த இணைப்பை இறுக்கினாலும் அதன் அடியில் காய்ந்த செய்தித்தாள் ஒன்றை விரித்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். தாளில் ஈரம் இல்லையென்றால்தான் கிளம்புவார். இந்த மரியாதையெல்லாம் ஊரார் வீட்டுக்குத்தான். சொந்த வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இரண்டு வருடமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மகளுக்குக் கழுத்தின் கீழ்ப்பக்கம் பிறவியிலேயே ஊசி முனையளவு ஒரு துளை. அதிலிருந்து எச்சில் மாதிரி கசிந்து சட்டையை நனைக்கும். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று அவள் அழுததும், இவர் துளையின் மேல் பிளாஸ்டரை இறுக்கி ஒட்டிவிட்டார். நான்காம் நாள் கழுத்து வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது.

"வாயை அடைச்சா உள்ளே ஊறுறது எங்கே போகும்? உங்களுக்கே தெரிஞ்ச வேலைதானே?" என்று ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா கேட்டார். மனுஷன் கூனிக் குறுகிப்போனார். திட்டத்தான் போயிருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மருந்தில் வீக்கம் வடிந்து, சில வாரம் கழித்து ஆபரேஷன். துளையிலிருந்து மெல்லிய குழல் ஒன்று பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே புகுந்து டான்சில் வரைக்கும் போகிறதாம். துளி மிச்சம் இருந்தாலும் மறுபடி கசியுமாம்.

"முழுசா எடுத்துருவீங்களா?" என்று மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டார்.

"குழல் நுனி வரைக்கும் முழுசா வந்துடுச்சு," என்று வெளியே வந்து டாக்டரம்மா சொன்னார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளைக்கு வரவில்லை. தையல் ஆறியதிலிருந்து தினமும் காலையில் காகிதத் துண்டை மகள் கழுத்தில் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"மாப்ளே, அது பிள்ளை கழுத்தா, பைப்பா?" என்றேன்.

"பைப்புன்னா ஒரு மணி நேரத்துல நம்பிருவேன் மச்சான்."

மூன்றாம் மாதம் டாக்டரம்மா தழும்பைத் தடவிப் பார்த்து, "சுத்தமா ஆறிடுச்சு, இனி வர வேண்டாம்," என்றார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, சட்டைகூட மாற்றாமல் தொட்டிக்கு அடியில் நுழைந்து அந்தப் பழைய இணைப்பைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, மகள் செய்தித்தாளை விரித்து அதன் எதிரே சம்மணம் போட்டிருந்தாள்.

"எங்கேப்பா போறீங்க? ஒரு மணி நேரம் உக்காரணும்ல?"

உட்கார்ந்தார். குழாயை அவர் பார்க்கவே இல்லை. அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு, அத்தனை மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தார்.

"அப்பா, தள்ளி உக்காருங்க," என்றாள் மகள். "தாள் நனையுது."