காஜா அக்காவின் கோரைப்பல்

எங்கள் தையல் கடையில் காஜா எடுப்பவர் ஒருவர்தான். பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி ஊசியால் இழைகட்டுகிற வேலை. அதற்கு மெஷின் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் கோட்டு தைக்கக் கொடுப்பவர்கள் கையால் எடுத்த காஜாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அதனால் காஜா அக்காவுக்குக் கடையில் தனி மவுசு. பக்கத்து மெஷின் என்னுடையது. ஆகவே அக்காவின் புலம்பல் முழுக்க என் காதில்தான் விழும்.

அக்கா கத்தரிக்கோலைத் தொடவே மாட்டார். காஜா முடிந்ததும் துணியை வாய்க்குக் கொண்டுபோய், மெழுகு தேய்த்த நூலை வலது கோரைப்பல்லால் நறுக்கென்று கடிப்பார். கத்தரியைத் தேடுகிற நேரத்தில் அடுத்த காஜாவைத் தொடங்கிவிடலாமாம். பொய் சொல்வானேன், நாங்கள் எல்லாருமே கடிப்போம்தான். ஆனால் அக்கா அளவுக்கு யாரும் இல்லை.

அக்காவுக்கு ஒரு தங்கை. ஒரே கட்டடத்தில் தங்கை மாடியில், அக்கா கீழே. தங்கை வீட்டு ஜன்னலும் அதில் வருகிற வெயிலும்கூட அக்காவின் கண்ணை உறுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கையின் வீட்டுக்காரர். அவர் பஸ் ஓட்டுகிறவர், கலகலப்பானவர். அக்காவின் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர், வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும். “கடுகு மாதிரி ஆணி கீழ விழுந்தா கண்டுபிடிச்சிருவாரு. எதிர்ல நிக்கிற பொண்டாட்டிதான் தெரியாது” என்பார் அக்கா.

போன மழைக்காலத்தில் தங்கைக்குக் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை நடந்தது. பல்லைக் குடைந்து, உள்ளே அழுகிப்போன நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே பல் போலவே ஒரு மூடி போட்டார்கள். போன ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூடவே போனார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. வலியைக் கண்டு யாராவது பொறாமைப்படுவார்களா? அக்கா பட்டார்.

“ஒரு சொத்தைப் பல்லுக்கு என்ன ராஜ உபசாரம் பாத்தியா? அவரா பாத்து, அவரா கேட்டு, அவரா கூட்டிட்டுப் போயிருக்காரு” என்று நாள் முழுக்க அதையே சொன்னார்.

கொஞ்ச நாளில் அக்காவின் கோரைப்பல்லே வலிக்கத் தொடங்கியது. சூடாக டீ குடித்தால் நெற்றிவரை சுண்டி இழுத்தது. நூல் கடித்துக் கடித்துப் பல்லில் மயிரிழை போல விரிசல். டாக்டரிடம் போகச் சொன்னேன்.

“அவரு கேக்கட்டும். நானா சொல்லி, அப்புறம் வர்ற அக்கறை எனக்கு வேண்டாம்.”

அதன்படி வீட்டில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளினார். வீட்டுக்காரர் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தார். அவ்வளவுதான். மறுநாள் அந்தக் கோபத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு திடீரென்று வலி நின்றுவிட்டது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. “அவ ஊரைக் கூட்டினா. எனக்குப் பாரு, தானாவே சரியாப் போச்சு” என்றார். மாடிக்குப் போய்த் தங்கைக்கு எதிரிலேயே பிஸ்கட்டைக் கடித்துக் காட்டிவிட்டு வந்தாராம்.

அப்புறம் ஒரு காலையில் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்கு வந்தார். துணியை விலக்கிப் பார்த்தேன். வலது கன்னம் உப்பி, வீக்கம் கண்ணுக்கு ஏறி, இமை பாதி மூடிக்கிடந்தது. உடம்பு கொதித்தது. எனக்கு வந்த கோபத்தில் அக்கா தடுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அக்காவின் வீட்டுக்காரர், தங்கை இருவருக்குமே போன் போட்டேன். தங்கைதான் முதலில் ஓடி வந்தாள். வண்டி பிடித்து மூவரும் பல் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் அம்மா அக்காவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். “வலி நின்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சீங்களா? உள்ள நரம்பு செத்துப்போச்சு, அதான் வலிக்கல. சீழ் பாட்டுக்கு மேல ஏறிட்டே இருந்திருக்கு. முகம் வீங்கி காய்ச்சலும் வந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. முழுங்க முடியல, மூச்சு விடக் கஷ்டம்னா இங்ககூட வராம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.” சீழை வடித்து, மருந்து கொடுத்து, மறுநாளே வந்து காட்டச் சொன்னார். வீக்கம் வடிந்ததும் வேர் சிகிச்சையை முடித்துப் பல்லைக் காப்பாற்றலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா தங்கையிடம் முனகினார். “உனக்கென்ன. உன் வீட்டுக்காரரு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சாரு.”

“யாரு, அவரா? தரையில உருண்டு அழுதேன்க்கா. ஷிப்ட மாத்தலைன்னா டிப்போவுக்கே வந்து கத்துவேன்னு சொன்னேன். அப்புறம்தான் வந்தாரு.”

அக்கா இத்தனை நாளும் இல்லாத ஒன்றைப் பார்த்து வெந்திருக்கிறார்.

அப்போது அக்காவின் வீட்டுக்காரர் தன் கடிகாரக் கடையைப் பூட்டிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். அக்கா முதல் தடவையாக வாய் திறந்து சொன்னார். “பல்லு வலிச்சுதுங்க. ரொம்ப நாளா.”

அவர் அக்காவின் முகத்தையே பார்த்தார். “பல்லா? நீ இடது பக்கமாவே மெல்றதப் பாத்தேன். தட்டத் தள்ளினதப் பாத்தேன். ராத்திரி தூங்காம பொரண்டதும் தெரியும். எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். கேட்டா இன்னும் கோவப்படுவியோன்னு பயந்து கேக்கல.”

அக்காவின் திறந்திருந்த கண்ணில் நீர் கொட்டியது. அவரும் பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நான் எந்தப் பக்கம் மெல்றேன்னு எங்க வீட்டுல இருக்கிறவர் ஒரு நாளாவது பாத்திருப்பாரா?” என்றாள்.