கூம் மலை மடாலயத்தில் செல்வத்தின் துண்டை வாங்கிக்கொள்ளவில்லை

போன நவம்பரில் என் மனைவி கனகா ஒரு பழைய வெள்ளைத் துண்டை என் கையில் கொடுத்து, "இத்த அந்த மலை மேல குட்துட்டு வா. திரும்பி வூட்டுக்கு எடுத்தாராத" என்றாள். இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம்.

துண்டு அவள் தம்பி செல்வத்தினுடையது. காசிமேட்டில் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவன். பவுர்ணமி தவறாமல் அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு வியாசர்பாடி விகாரைக்குப் போவான். டார்ஜிலிங் பக்கத்தில் கூம் என்ற ஊரில் உள்ள ஒரு பழைய புத்த மடாலயத்தை போனில் பார்த்துவிட்டு, "போலாம் மாமா, ஜன்னல் சீட்டு மட்டும் எனக்கு" என்று ஆறு வருஷம் நச்சரித்தான். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டது நான்தான். அதற்குள் ஒரு நாள் நெஞ்சு வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

நான் திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவன், கனகா வீட்டார் பௌத்தர்கள். ஆனால் போனவர் துணி விஷயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வழக்கம். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்த பிறகு அது மறுபடி வாசற்படி ஏறக் கூடாது. கனகாவுக்கு முட்டி வலி. அதனால் நான் மட்டும் கிளம்பினேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கண்டெய்னர் சீல் சரிபார்த்தவன். படிப்பு எட்டாவதுதான். ஆனால் பத்தடி தள்ளி நின்றே உள்ளே இருப்பது துணியா, தோலா என்று சொல்லிவிடுவேன். நான் கையைக் காட்டினால்தான் கப்பலே நகரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் நான் கற்றது, உடையாத சீலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது.

சென்ட்ரலிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு ஸ்லீப்பரில் 890 ரூபாய், இரண்டு ராத்திரி. எதிர் சீட்டுக்காரர் ஆரஞ்சு கொடுத்தார். தோல் உரிக்காத ஆரஞ்சு! உடையாத சீல் என்று நான் வாங்கவில்லை. துண்டைச் சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டே தூங்கினேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஜீப் ஓட்டுநர்கள் மொய்த்தார்கள். லாரிக்காரர்களிடம் கற்ற என் இந்தியைக் கேட்டு எல்லோரும் விலகிவிட, ஒருவன் மட்டும் பக்கத்தில் வந்து, "இன்னா நைனா, எங்க போவணும்?" என்றான். இமயமலை அடிவாரத்தில் ராயபுரத்துத் தமிழ். பெயர் பெம்பாவாம், ராயபுரத்தில் நூடுல்ஸ் கடையில் நான்கு வருஷம் நின்றவனாம். விடுவேனா? காசிமேட்டில் மீன் ஏலம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"விடிகாலை ரெண்டு மணிக்கே ஆரம்பிச்சிடும். நீ பல்லு வெளக்கிகினு போறதுக்குள்ள நல்ல மீனு பூடும்."

சரியான பதில். அதனாலேயே சந்தேகம் இரட்டிப்பாயிற்று. ஆனாலும் ஏறினேன். கூம் வரை 65 கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம், பங்கு ஜீப்பில் 350 ரூபாய். வழியில் ஒரு சிறுத்தை குறுக்கே வந்தது. நான் கண்ணெடுக்காமல் பார்த்ததும் தானாக ஒதுங்கியது. அது நாய் என்று பெம்பா இன்றைக்கும் சாதிக்கிறான்.

கூமில் மூன்று நான்கு மடாலயங்கள் இருக்கின்றன. நான் சொல்வது மஞ்சள் சுவரும் 112 படிகளும் உள்ள பழையது. உள்ளே நெய் விளக்கு வாசனை, புகையில் கறுத்த சுவர் ஓவியங்கள். நாற்காலியில் அமர்ந்ததுபோல் காலைத் தொங்கவிட்ட புத்தர். பதினைந்து அடி என்று பலகை சொல்கிறது. அளந்தவன் குனிந்து அளந்திருக்க வேண்டும், எனக்கு முப்பது தெரிந்தது.

வயதான துறவி ஒருவரிடம் துண்டை இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கினார். நெற்றியில் வைத்தார். ஏதோ முணுமுணுத்தார். பிறகு அதை என் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்று அர்த்தம். படியிறங்கும்போதே கணக்குப் போட்டேன். வாசல் கடையில் பளபளவென்று பட்டு மாதிரி வெள்ளைத் துணி 60 ரூபாய்க்குத் தொங்குகிறது. கடைக்காரி பெம்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். புரிந்துவிட்டது, கடையில் வாங்கினால்தான் உள்ளே செல்லும்.

சரி, ஒழியட்டும் என்று ஒன்று வாங்கினேன். அன்றிரவு பெம்பா காட்டிய விடுதியில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் ஜீப்பிலேயே போய், செல்வத்தின் துண்டை அதற்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன். துறவி இரண்டையும் பிரித்து, இரண்டையும் என் கழுத்தில் போட்டார்.

அப்போதுதான் வேறொரு சந்தேகம் வந்தது. கடைக்காரி மேல் இல்லை, பெம்பா மேலும் இல்லை. ஆறு வருஷம் தள்ளிப்போட்டவன் கையால் கொடுத்தால் செல்வம் வாங்கிக்கொள்ள மாட்டானோ? குளிர் நான்கு டிகிரி. எனக்கு வியர்த்தது.

யாரும் பார்க்காதபோது வாசலில் வருகிறவர்கள் கையால் சுற்றிவிடுகிற பெரிய பிரார்த்தனை உருளைக்குப் பின்னால் துண்டைத் திணித்துவிட்டு விறுவிறுவென்று இறங்கினேன். தொண்ணூறாவது படியில் பின்னால் காலடிச் சத்தம். மடாலயத்தைப் பெருக்குகிற பெரியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், துண்டை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். மூச்சு வாங்க அதை உதறி, மடித்து, என் கையில் வைத்து, பத்திரம் என்பதுபோல் தட்டிக்கொடுத்தார்.

ஜீப்பில் உட்கார்ந்து பெம்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். யார் துண்டு என்பதையும், ஆறு வருஷத்தையும். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"நைனா, அவரு வாணாம்னு சொல்லல. இங்க அப்டித்தான். வாங்கிக்கினு, ஆசீர்வாதம் பண்ணி, கழுத்துல போடுவாங்கோ. போட்டத வூட்ல வெச்சிக்கணும். எங்கம்மா வூட்ல எங்கப்பனுது கீது."

நம்பவில்லை. கடைக்காரியிடம் போய்க் கேட்டேன், டீ விற்கிறவரிடம் கேட்டேன். தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், என் இந்தியில். மூன்று பேரும் ஒரே பதில். துறைமுகத்தில் மூன்று பேர் ஒரே பதில் சொன்னால் பெட்டியை உடைத்துப் பார்ப்போம். அன்றைக்கு உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

கனகாவுக்கு போன் போட்டேன். மூன்று தடவை கொடுத்தேன், மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டது என்றேன். பெம்பா சொன்னதையும் சொன்னேன்.

"அவங்களே குட்தாங்களா?" என்றாள்.

"அவங்களேதான். ஒருத்தரு ஓடியாந்து குட்தாரு."

"அப்ப கூட்டியா. ஜன்னலாண்ட குந்த வெச்சு கூட்டியா."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர், நவம்பரில் போங்கள், மேகம் குறைவு. ஸ்வெட்டர் இரண்டு வேண்டும். உள்ளே புகைப்படத்துக்கு 100 ரூபாய், ரசீது கேட்டு வாங்குங்கள். முட்டி வலிக்காரர்களுக்குப் பின்பக்கம் சரிவுப் பாதை இருக்கிறது, அடுத்த முறை கனகாவை அந்த வழியாகத்தான் ஏற்றப் போகிறேன். தள்ளிப்போட மாட்டேன். துணி எதைக் கொடுத்தாலும் கழுத்தில் திரும்ப விழும், பயப்படாதீர்கள். எல்லோரையும் சந்தேகப்படுங்கள், தவறில்லை. ஆனால் ஆரஞ்சை வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பும்போது ரயிலில் எனக்கு ஜன்னல் சீட்டு. துண்டை மடித்து அதில் வைத்துவிட்டு, நான் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டேன். கட்டக்கில் ஏறிய ஒருவர், ஜன்னல் காலிதானே என்று இந்தியில் கேட்டார்.

ஆள் இருக்கிறார் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே சென்ட்ரல் வரை வந்தார்.