அவளிடம் மிஞ்சிய சொல்

ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துவது அவருடைய தொழில். கடைப் பலகையில் 'இங்கு கண்ணாடி போடப்படும்' என்று எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை என்று நினைத்து, பார்வை மங்கிய ஒருவர் உள்ளே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து, "எழுத்தைக் காட்டுங்க, படிக்கிறேன்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

அவளுக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயாடி என்று பேரெடுத்தவளுக்குப் பேச்சும் போயிற்று. இருபது நாள் கழித்து, அவர் கடைக்குப் புறப்பட்ட ஒரு காலையில், ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது.

"கண்ணாடி."

அவர் ஓடிப்போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். தலையை உதறினாள். முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். கோணிப்போன தன் வாயைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவி, இதையா காட்டினேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

லீவு போட்டு வந்திருந்த மகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். "ஆடின்னாலே பழைய தமிழ்ல முகம் பார்க்கிறதுதான்பா. அதுக்கு முன்னால 'கண்'ணைச் சேர்த்துக் கண்ணாடின்னாங்க. அப்புறம் மூக்குல மாட்டுறது, ஜன்னல்ல பதிக்கிறது, எல்லாத்துக்கும் அதே பேரு. அம்மா எதைக் கேக்கறாங்களோ!"

ஜன்னல் என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. படுக்கையறை ஜன்னலில் இருந்தது மங்கல் கண்ணாடி. "தெருவே தெரியல, மாத்திக் குடுங்க" என்று எத்தனையோ தடவை கேட்டிருந்தாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓடியவர், இவளிடம் மட்டும் "நாளைக்கு, நாளைக்கு" என்றே காலத்தைக் கடத்திவிட்டார். அன்று மத்தியானமே தெளிந்த கண்ணாடி ஒன்றை அளவெடுத்துக் கீறி, ஒடித்து, சட்டத்தில் பொருத்தினார். அவசரத்தில் விரலும் கொஞ்சம் கிழிந்தது.

அவள் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று அவர் கடைக்குக் கிளம்பினார். நிலைப்படியைக் கூடத் தாண்டவில்லை.

"கண்ணாடி!"

"இன்னும் என்னதான் வேணும் உனக்கு?" வாசலிலேயே நின்று கேட்டார்.

மகள்தான் சொன்னாள். "அப்பா, நீங்க பக்கத்துல இருக்கும்போது அம்மா அதைச் சொல்றதே இல்ல. நீங்க வெளிய கிளம்பினாத்தான் சொல்றாங்க. கடைத்தெருவே உங்களைக் கண்ணாடின்னுதானே கூப்பிடுது? அம்மா உங்களைத்தான் கூப்பிடறாங்க."

அவர் கட்டிலருகே போய்க் குனிந்தார். "என்னையா?"

அவள் இடது கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் கடை திறக்கவில்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் "இதோ இருக்கேன்" என்றார். குளிப்பாட்டினார், ஊட்டினார், ஒரு பக்கமாகவே கோணிய பின்னல் போட்டுவிட்டார். ஐந்து வாரம். பிறகு இரண்டாவது தாக்குதல் வந்து, விடியும் முன்பே அவளைக் கொண்டுபோய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து, மகள் தன்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் அசையவில்லை.

"நாப்பது வருஷமா 'என்னங்க'ன்னுதான் கூப்பிட்டா. பேர் சொல்லிக் கூப்பிட்டது இப்பத்தான்மா" என்றார்.

பிறகு, அவளுக்காக வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலைத் திருப்பி எடுத்துப்போக ஆள் வந்ததும், ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார்.