தறிச் சத்தத்தில் சொன்ன புகார்

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். பால்காரர் ஊற்றும் பாலை வாசலிலேயே விரலால் தொட்டுப் பார்ப்பேன். "டீச்சராப் போனதுக்குப் போலீஸ்ல சேந்திருக்கலாம்" என்பார் என் கணவர். இருபது வருஷமாகப் பரீட்சை ஹாலில் நிற்கிறவளுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்? ஜாமெட்ரி பாக்ஸ் மூடி, துப்பட்டா நுனி, தண்ணீர் பாட்டில் லேபிள் என்று பிட் ஒளிக்கிற இடமெல்லாம் எனக்கு அத்துப்படி.

திருத்தணியில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நர்சிங், பார்மசி என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் நீளமான ஒரு சொல்லைக் கண்டாலே மிரண்டுவிடுவார்கள். அதனால் போன வருஷம் கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்களைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஹைட்ரோ என்றால் தண்ணீர். ஃபோபியா என்றால் பயம். டெலி என்றால் தூரம், ஸ்கோப் என்றால் பார்ப்பது. வேர் தெரிந்தால் பார்க்காத சொல்லையும் பிரித்துப் படித்துவிடலாம் என்று வகுப்பில் வீறாப்பாகச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான்.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு. பள்ளிக்கு ஒரே ஒரு பெண். பெயரைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். "நீங்களே ஒரு டெஸ்ட் வெச்சுச் சொல்லுங்க" என்று தலைமை ஆசிரியை பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

வகுப்பில் ஒருமுறைகூடச் சொல்லாத பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அர்த்தம் எழுத வேண்டும். எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண் ஐந்துதான் சரியாக எழுதியிருந்தாள். கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண், ஒன்பது!

எனக்கு உடனே பொறி தட்டியது. பரீட்சையின்போது அவளுடைய இடது கை சும்மா இருக்கவில்லை. ஹைட்ரோஃபோபியா என்று நான் எழுதியதும், உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். பிறகு முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்தாள். பக்கத்து வரிசையில் அவள் தெருக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சைகை காட்டிக் காப்பி அடித்திருக்கிறார்கள், வேறென்ன? அந்தத் தெருக்காரி வாங்கியது இரண்டே மார்க். அதுவும் எனக்கு இடிக்கவில்லை. கூட்டாளியை ஏமாற்றிவிட்டுத் தான் மட்டும் சரியாக எழுதியிருக்கிறாள், பலே கைகாரி என்று முடிவு கட்டினேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

முதல் மார்க் பெண்ணின் பெயரையே தாளில் எழுதினேன். "நல்லா விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். பெற்றவர்களிடம் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்று சனிக்கிழமை அவள் ஊரான பொதட்டூர்ப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தெருமுனையிலேயே தறிச் சத்தம் காதை அடைத்தது. வீட்டின் முன்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அம்மா இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றாள். அந்தப் பெண் கோடியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். நான் அம்மாவுக்கு நேராகப் போய் நின்று சொன்னேன்: "உங்க பொண்ணு பரீட்சைல காப்பி அடிக்குதும்மா. அவ பேர நான் அனுப்பல." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். மகள் நிமிர்ந்தாள். அப்போதுதான் என்னைக் கண்டாள். அவளுடைய முஷ்டி தானாக நெஞ்சுக்குப் போனது. உள்ளே ஓடி, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

தண்ணீர். பயம். பரீட்சையில் நான் பார்த்த அதே இரண்டு சைகைகள். அவள் யாரிடமும் விடை கேட்கவில்லை. வீட்டில் பேசுகிற பாஷையில் சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். நான் நம்பாமல் சொல்லிக்கொடுத்ததை நம்பிச் செய்தவள் அவள் ஒருத்திதான். சொம்பை வாங்கிக்கொண்டேன். இருபது வருஷத்தில் அப்படி நான் வெட்கப்பட்டதில்லை.

அம்மா தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

"இன்னா மிஸ் சொன்னீங்க?"

"பொண்ணு நல்லாப் படிக்குதுன்னு சொன்னேம்மா."

அம்மா சிரிக்கவில்லை. "தறி ஓடுறப்ப காது வேலைக்கு ஆவாது மிஸ். கையாலதான் பேசிக்குவோம். இல்லாங்காட்டி வாயப் பாத்துத் தெரிஞ்சுக்குவோம். நீங்க சொன்னதப் பாத்துட்டேன். நிறுத்திட்டுக் கேட்டா வேற இன்னா சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன்."

எத்தனை பெண்களை எழுப்பி நிறுத்தி, பொய் சொல்கிறார்களா என்று முகத்தைப் பார்த்திருப்பேன்! அன்றைக்கு அந்த இடத்தில் நான் நின்றேன். "அவ கைய ஆட்டினதப் பாத்துக் காப்பின்னு நெனச்சுட்டேன். தப்புதாம்மா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவள் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மகள் அவளிடம், "நைனாகிட்ட சொல்லாதம்மா" என்றாள். எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்லி, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் அவள் பெயரை எழுதினேன். அவளுக்கே இடம் கிடைத்தது.

அவள் சென்னைக்குப் போவதற்கு முன் வகுப்பில் இன்னொரு டெஸ்ட் வைத்தேன். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு எழுதினாள். பத்துக்கு ஆறுதான் வந்தது. பக்கத்தில் போய், "கைய எடும்மா, எப்பவும் போல யோசி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றேன்.

"பரவாயில்ல மிஸ்" என்றாள். "அங்க வேற மிஸ்ஸுங்க இருப்பாங்க. இப்பவே பழகிக்கிறேன்."