ஐந்து வருடம் நான் எழுதிய ‘இல்லை’

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கலுக்கு முந்தைய வாரம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைப் புரட்டிப் பார்த்து, சுருக்கமோ நூல் பிரிந்ததோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. என் கண்ணுக்குத் தப்பும் தையல் கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இதோடு இன்னொரு பொறுப்பும் கொடுத்திருந்தார்கள். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நடந்தால் விசாரிக்கும் புகார்க் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். குழு என்று பெயர்தான். வருடத்துக்கு ஒருமுறை கூடுவோம், டீயும் சமோசாவும் வரும், புகார்ப் பெட்டியைத் திறப்போம். ஒருமுறை அதில் சாக்லேட் காகிதம் கிடந்தது. இன்னொரு முறை, வேன் லேட்டாக வருகிறது என்று ஒரு சீட்டு. சிரித்துவிட்டு, ‘வந்த புகார்கள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுவோம். இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு புகார்கூட இல்லை என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தப் பொங்கல் வாரம் நான் எழுதியது ஐந்தாவது ‘இல்லை’. எழுதும்போது ஒரு முகம் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்கு முந்தைய தீபாவளி சமயத்தில், சாப்பாட்டு நேரத்தில், கை கழுவும் குழாயருகே தையல் பிரிவுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். “அக்கா, சூப்பர்வைசர் ஊசி மாட்டித் தர்ற சாக்குல பின்னாலருந்து மேல கை வெக்கிறாரு. தெனமும்” என்றாள். அந்த சூப்பர்வைசர் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அவர் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறியவள் நான். “அவரு உன் அப்பா வயசு. தப்பா எடுத்துக்காத. வெளிய தெரிஞ்சா உன் பேருதான் கெடும்” என்றேன். அவள் “சரிக்கா” என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். நல்ல புத்தி சொல்லி அனுப்பினேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது ‘இல்லை’யை ஒட்டிய அன்று மதியம், புதிதாகச் சேர்ந்த செக்கர் பெண்ணின் தாளைப் பார்த்தேன். காலையிலிருந்து ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாட்டுத் தோல் என்றால் ஒரு தழும்பாவது இருக்கும், மனிதக் கை தைத்தால் ஒரு தையலாவது கோணும். லைன் முழுக்கக் கேட்கும்படி அவளைத் திட்டித் தீர்த்தேன்.

பொங்கல் லீவு முடிந்து எல்லாரும் வந்தார்கள். அந்தத் தையல் பெண் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள் அவளோடு வேனில் வருபவர்கள். பத்து நாளாயிற்று. ஆர்டர் அவசரம், அவள் தையல் சுத்தமான தையல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, பேரணாம்பட்டு பக்கத்திலுள்ள அவள் ஊருக்குப் போனேன். அக்கறையால் போனேன் என்று சொன்னால் அது பொய்.

அவள் அம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவருக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. காய்ச்சல் எதுவும் இல்லை என்பது பெண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அவள் திருப்பி என்னைக் கேட்டாள்.

“அக்கா, அன்னிக்கு அந்த செக்கர் பொண்ண ஏன் அப்படித் திட்டினீங்க?”

“ஒரு ரிஜெக்ட்கூட இல்லன்னா, அவ ஒழுங்கா பாக்கலன்னுதானே அர்த்தம்?”

“அப்போ ஒரு புகார்கூட இல்லன்னு நீங்க ஒட்டினீங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்?”

அவள் நிறுத்தவில்லை. புகார்ப் பெட்டி மாட்டியிருந்தது வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேர் கீழே, சூப்பர்வைசர்கள் உட்காரும் அறைக்கு எதிரில். “அதுகிட்ட போனாலே, யாரு இன்னா போட்டான்னு சாப்பாட்டு பெல் அடிக்கிறதுக்குள்ள லைன் பூரா தெரிஞ்சிடும். அதான் உங்ககிட்ட வந்தேன்” என்றாள். அவளுக்கு இருந்த ஒரே பெட்டி நான்தான். அதற்கும் பூட்டுப் போட்டவள் நானேதான்.

“வேணாம்மா, மாப்ள பாத்துனு இருக்கோம். ஊர்ல நாலு விதமா பேசுவாங்க” என்றார் அம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மூன்று மாதத்துக்கு முன் நான் சொன்னதும் அதேதான். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். கம்பெனியில் புகார் கொடுக்கலாம், போலீசிலும் கொடுக்கலாம், எங்கே போனாலும் நான் கூட வருகிறேன், முடிவு உன்னுடையது என்றேன்.

அவள் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்தாள். அம்மா எழுந்து போய் நன்றாக எழுதும் பேனாவைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார். ஒன்றரைப் பக்கம். “பெட்டியில போட மாட்டேன். உங்க கைல தர்றேன். வாங்கிக்கிட்டேன்னு இன்னொரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் புகாரைக் குழுத் தலைவியிடம் ஒப்படைத்தேன். இந்த விசாரணையில் உறுப்பினராக உட்கார மாட்டேன், சாட்சியாக வருகிறேன் என்றேன். ‘இந்தப் பெண் தீபாவளிக்கே என்னிடம் சொன்னாள். நான்தான் வாயை மூடச் சொன்னேன்’ என்று என் கைப்பட எழுதினேன். ஷூ வாங்கும் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வரவிருந்தார்கள். மேனேஜர், “பையர் ஆடிட் வர்ற நேரத்துல இது ஏம்மா பேஜாரு?” என்றார். தினமும் என்னோடு சாப்பிட்டவர்கள், ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று மேசை மாறி உட்கார்ந்தார்கள். எனக்கு வலித்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

விசாரணை நடக்கும்போதே இன்னும் இரண்டு பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தி எனக்கு அடுத்த மேசையில் எட்டு வருடமாக வேலை செய்பவள். சூப்பர்வைசருக்கு வேலை போயிற்று. அந்தத் தையல் பெண் அதே மெஷினுக்குத் திரும்பி வந்தாள். அவளைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவள் தலையைக் குனிந்தது தைக்கும்போது மட்டும்தான்.

பெட்டியைக் கழற்றிப் பெண்கள் ஓய்வறைக்குள் மாட்டினோம். சாவி, கம்பெனிக்கு வெளியிலிருந்து குழுவுக்கு வரும் வக்கீலம்மாவிடம் இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு அறிக்கை எழுதும்போது, ‘வந்த புகார்கள்’ என்ற இடத்தில் ‘மூன்று’ என்று எழுதினேன். “கம்பெனி பேரு கெட்டுடும், கொஞ்சம் மாத்தி எழுதக் கூடாதா?” என்றார் மேனேஜர். முடியாது என்றேன். அறிவிப்புப் பலகையிலும் நானே ஒட்டினேன்.

‘எங்க இடத்துல அப்படியெல்லாம் நடக்கிறதில்ல’ என்று இப்போது யாராவது பெருமையாகச் சொன்னால், நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: “நடந்திருந்தா, உங்ககிட்ட வந்து சொல்லியிருப்பாங்களா?”